பிலிம் காமிராவில் மீண்டும் மின்னேற்றத்தக்க கலங்கள்

பிலிம் காமிராக்கள் யாவும் ஒரே அளவில் மின்சாரத்தை நுகர்வதில்லை. ஒளிமானிக்கு மட்டுமே மின்சாரம் வேண்டும் காமிராவுக்கு ஒரு பொத்தான் கலமே பல மாதங்களுக்குப் போதும். மோட்டாரினால் பிலிமை நகர்த்தி, வில்லையையும் தானே குவியப்படுத்தும் காமிராவின் நிலை வேறு. 1996-இல் வெளிவந்த நிக்கான் எஃப்5 காமிராவில் ஏஏ அளவுக் கலங்கள் எட்டு இடப்பெறுகின்றன. களப்பணியின் நடுவே கலங்கள் ஓய்ந்துவிடின் பணி நின்றுவிடும்; கைப்பிடி இல்லாத காமிராக்களில் எடுத்த பிலிமைத் திரும்பச் சுற்றவும் இயலாது.

மின்னேற்றத்தக்க நிக்கல்–உலோக ஹைட்ரைடு கலத்தின் மின்னழுத்தம் 1.2 வோல்ட், காரக் கலத்தினுடையதோ 1.5 வோல்ட். ஆகவே முன்னது வலிமை குன்றியது என்று பலர் கருதுகின்றனர். பளு மிகுந்த காமிராவில் இக்கருத்து பொருந்தாது. இதற்குக் காரணம் கலத்தின் அகத்தடையாகும்.

பாதி பயன்பட்ட காரக் கலமொன்றின் மின்னழுத்தம் 1.3 வோல்ட், அகத்தடை 0.3 ஓம் எனக் கொள்ளலாம். மோட்டார் 1 ஆம்பியர் இழுக்கும்போது 0.3 வோல்ட் கலத்தினுள்ளேயே இழக்கப்படுகிறது. வெளியே கிடைப்பது 1.0 வோல்ட். நிக்கல் கலத்தில் 1.25 வோல்ட், 0.03 ஓம் எனக் கொண்டால் கிடைப்பது 1.22 வோல்ட். எட்டுக் கலங்களுக்கு முறையே 8.0 வோல்ட்டும் 9.76 வோல்ட்டும் ஆகும். குளிரில் காரக் கலத்தின் அகத்தடை மேலும் உயர்வதால் இவ்வேறுபாடு பெருகும்.

இதனை வகுப்பில் எளிதில் காட்டலாம். பழைய காரக் கலமொன்றின் மின்னழுத்தத்தை முதலில் வோல்ட்மானியால் மட்டும் அளக்க வேண்டும். பின்னர் 1 ஓம், 5 வாட் தடையொன்றைச் சில விநாடிகள் இணைத்து மீண்டும் அளக்க வேண்டும். இரு அளவுகளுக்கும் உள்ள வேறுபாடே அகத்தடையின் விளைவு. பளுவின்றி அளந்த அளவைக் கொண்டு கலத்தின் தகுதியை முடிவு செய்தல் கூடாது என்பது மாணவர்க்கு இதனால் விளங்கும்.

களப்பணியாளர் கருத்தில் கொள்ள வேண்டியவை:

1. ஒரே வகை, கொள்ளளவு, வயது உடைய கலங்களையே ஒரு தொகுதியாக வைத்து, ஒருங்கே மின்னேற்ற வேண்டும். நலிந்த கலம் முதலில் தீர்ந்துவிட்டால், ஏனையவை அதனுள் எதிர்த்திசையில் மின்னேற்றி அதைக் கெடுத்துவிடும்.

2. நிக்கல் கலத்தின் மின்னழுத்தம் நெடுநேரம் நிலைத்திருந்து, இறுதியில் விரைந்து வீழும். காரக் கலத்துக்கென அமைந்த காமிராவின் அளவுகாட்டி ஆதலால் பிழையாகக் காட்டக்கூடும். மின்னேற்றிய மற்றொரு தொகுதி உடனிருத்தல் வேண்டும்.

3. சாதாரண நிக்கல் கலம் வாளா இருந்தாலும் மின்னேற்றத்தை இழக்கும். இவ்விழப்பு குறைந்த கலங்கள் 2005 முதல் கிடைக்கின்றன. நீண்ட பயணத்திற்கு அவையே ஏற்றவை.

4. சிஆர்123ஏ எனும் 3 வோல்ட் லித்தியம் கலத்திற்கு மாற்றாக, அதே அளவுள்ள 3.7 வோல்ட் லித்தியம்–அயனிக் கலத்தை இடலாகாது. முழு மின்னேற்றத்தில் அது 4.2 வோல்ட் தரும். இத்தகைய இரண்டு சேர்ந்தால் 6 வோல்ட்டுக்கென அமைந்த காமிராவில் 8.4 வோல்ட் பாய்ந்து, அதன் மின்னணுச் சுற்றுகள் பழுதாகக்கூடும்.

கலத்தின் மேலுறையில் அச்சிடப்பட்ட எண்ணைவிட, பளுவின்கீழ் அது தரும் மின்னழுத்தமே காமிராவை இயக்குகிறது. புறப்படுமுன் ஒருமுறை பளுவுடன் அளந்து பார்த்தல் நலம்.