மோதிரம் சுமக்கும் நாய்க்கு ஓர் ஆள்

கேள்வி: அமெரிக்கக் கல்யாணங்களில் மோதிரம் சுமந்து வரும் நாயைக் கவனிக்கவென்றே காசு கொடுத்து ஆள் வைக்கிறார்களாமே! இது பணக்கொழுப்பு இல்லையா?

பதில்: நாய்க்குக் கோட்டு தைப்பதை வேண்டுமானால் அப்படிச் சொல்லலாம், ஆள் வைப்பதை அல்ல. மனிதக் காது சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும், நாயின் காது 45,000 வரை போகும். ஒலிபெருக்கிக்கும் குனிந்து கொஞ்சும் அந்நியர்களுக்கும் நடுவே அது குரைக்காமல் இருப்பதாலேயே சந்தோஷமாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. தூக்கம் வராமலே கொட்டாவி விடும், உதட்டை நக்கும், வெள்ளைவிழி தெரியப் பக்கவாட்டில் பார்க்கும். போட்டோகிராபருக்கு அது அழகான முகபாவம்; விஷயம் தெரிந்தவருக்கு, வெளியே கூட்டிப் போகச் சொல்லும் விண்ணப்பம்.

வீட்டு மனிதர் யாராவது பார்த்துக்கொண்டால் போதாதா என்பீர்கள். தெரிந்த முகம் நாய்க்குப் பெரிய தைரியம்தான். ஆனால் சித்தப்பா வந்தது கல்யாணம் பார்க்க. அவர் கண் மேடையில் இருக்கையில் நாய் விருந்து மேஜைக்குப் போயிருக்கும். அங்கே இருக்கும் சாக்லேட், திராட்சை, சர்க்கரையில்லா இனிப்புகளில் சேர்க்கும் சைலிட்டால் மூன்றுமே அதற்கு விஷம். அலங்காரத்துக்குச் செருகும் சைகஸ் செடியின் ஓலை, தின்றால் கல்லீரலையே கெடுத்துவிடும். கூலிக்கு வருபவர் முன்கூட்டியே நாயோடு பழகி, கழுத்துப்பட்டையில் போலி மோதிரத்தைக் கட்டிவிட்டு (அசலை விழுங்கினால் யார் பொறுப்பு?), சடங்கு முடிந்ததும் வீட்டில் கொண்டுபோய் விடுவார். மணப்பெண் இன்னும் ஒரு படம் கேட்டால் முடியாது என்று சொல்லும் உரிமையும் அவருக்கு வேண்டும். சொந்தக்காரர்களுக்கு அந்த வாய் வராது. கூட்டத்தைக் கண்டாலே நடுங்கும் நாயை வீட்டிலேயே விட்டுவிடுங்கள் என்று, வருமானம் போனாலும், நல்ல ஆள் முதலிலேயே சொல்லிவிடுவார்.