ஒன்றரை ஷிப்ட் குடும்பம்

திருப்பூர் பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் என்றால் காலை எட்டரைக்கு உள்ளே போய் இரவு எட்டு மணிக்கு வெளியே வருவது. ஷிப்மென்ட் தேதி நெருங்கிவிட்டால் எட்டும் கிடையாது, பத்தும் கிடையாது. என் வீட்டுக்காரர் ஓவர்லாக் டைலர், பீஸ் ரேட். நான் செக்கிங். பிழைப்புக்காகத் திண்டுக்கல் பக்கமிருந்து வந்தவர்கள் நாங்கள். இரண்டு பிள்ளைகளையும் இந்த ஓட்டத்துக்கு நடுவில்தான் ஆளாக்கினோம்.

குடும்பத்தோடு புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, இரவுச் சாப்பாட்டை நம்பாதீர்கள் என்பதுதான். நாம் வீடு சேரும்போது சின்னது தூங்கியிருக்கும். முழித்திருந்தாலும் அது சொல்வது நம் காதில் ஏறாது, மெஷின் சத்தம் இன்னும் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கும். அதனால் நாங்கள் காலையைப் பிடித்துக்கொண்டோம். ஆறரை மணிக்கு நான்கு பேரும் பாயில் உட்கார்ந்துவிட வேண்டும். செல்போன் டிவி மேலே. பெரிதாக ஒன்றும் பேசிவிட மாட்டோம். ஆணியில் தொங்கும் சட்டையில் ஒட்டிய பஞ்சைப் பார்த்துவிட்டு, "நேத்து நேவி ப்ளூவாப்பா?" என்பாள் பெரியவள். அவர் எந்த கம்பெனி ஆர்டர், கழுத்துப் பட்டி எப்படி வைப்பது என்று விளக்குவார். அவ்வளவுதான். அந்த முக்கால் மணி நேரத்துக்காக நான் நாலரைக்கு எழ வேண்டியிருந்தது. அலுப்பு இல்லாமல் இல்லை.

சனிக்கிழமை வாரச் சம்பளம். வாடகை, மளிகை, சீட்டு, ஸ்கூல் பீஸ், ஊருக்கு அனுப்புவது என்று பிள்ளைகள் முன்னாலேயே பணத்தைப் பிரித்து வைப்போம். பணக்கஷ்டம் பிள்ளைகளுக்குத் தெரியக் கூடாது என்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. நாம் மறைத்தாலும் மளிகைக் கடைக்காரர் பாக்கியைக் கேட்டுத் தெரிவித்துவிடுவார். வீட்டுக் கணக்கு தெரிந்த பிள்ளை இல்லாததைக் கேட்டு அழாது.

இந்தப் பழக்கங்களின் அருமை வேலை படுத்தபோதுதான் தெரிந்தது. நொய்யல் ஆற்றில் சாயக் கழிவு கலந்த வழக்கில் நீதிமன்றம் உத்தரவிட்டதால் 2011 ஜனவரி கடைசியில் சாயப்பட்டறைகள் மூடின. சாயம் ஏறாத துணி தையலுக்கு வராதே! கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் பவர் டேபிள்காரர்கள் ஆளைக் குறைத்தார்கள். அப்புறம் 2016-இல் பணமதிப்பிழப்பு, 2020-இல் ஊரடங்கு, 2022-இல் நூல் விலை ஏற்றம். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா போட்ட 50 சதவீத வரி.

வேலை இல்லாவிட்டால் நேரத்துக்குப் பஞ்சமில்லைதான். ஆனால் அந்த நேரம் தானாகக் குடும்பத்துக்கு வந்து சேராது. ஆம்பிளைகள் டீக்கடையில் போய் உட்கார்ந்துகொள்வார்கள், இல்லையென்றால் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார்கள். எங்கள் தெருவில் அந்த 2011-இல் சண்டை நடக்காத வீடே குறைவு. எங்கள் வீட்டில் மட்டும் ஆறரை மணிப் பாயை மாற்றவில்லை. வேலை இருக்கிறதோ இல்லையோ, அவர் குளித்துவிட்டு வந்து உட்கார வேண்டும். முதல் வாரம் முறைத்தார். பிறகு அந்தப் பாயில் வைத்துத்தான், தெரிந்த ஒருவரின் பவர் டேபிளில் போய் பேட்லாக் மெஷின் பழகப் போவதாகச் சொன்னார். இரண்டு மெஷினும் தெரிந்த டைலருக்கு மந்தத்திலும் எங்கேயாவது கூப்பிட்டு வேலை தருவார்கள். அடுத்தடுத்த மந்தங்களில் அதுதான் எங்களைக் காப்பாற்றியது.

மந்தம் எப்போது வேண்டுமானாலும் வரும் என்பதால், தீபாவளி போனஸை முழுவதும் துணிமணிக்கும் ஊர்ப் பயணத்துக்கும் இறைத்துவிடாதீர்கள். இரண்டு மாத வாடகை அளவுக்காவது ஒதுக்கிவையுங்கள். பண்டிகை முடிந்து திரும்பி வந்ததும் கம்பெனி உடனே முழு வேகத்தில் ஓடும் என்று சொல்ல முடியாது.

இன்னொன்று, ஞாயிற்றுக்கிழமை வர முடியாது என்பதை வேலைக்குச் சேரும் அன்றே சூப்பர்வைசரிடம் சொல்லிவிடுங்கள். சேர்ந்து நாலு வாரம் கழித்துச் சொன்னால் எடுபடாது.