பூட்டு எப்போது நழுவும்?

அன்புள்ள தம்பி,

வலியசாலையிலிருந்து நீ அனுப்பிய மடக்குக்கத்தி கிடைத்தது. கமான்பட்டையில் அடித்த அலகு, ஈட்டி மரப் பிடி, லைனர் பூட்டு. தோய்ச்சல் நன்றாக ஏறியிருக்கிறது, கூரும் நிற்கிறது. அதோடு ‘இந்தப் பூட்டு 100 கிலோ தாங்கும்’ என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

அந்த 100 கிலோவை அலகின் எந்த இடத்தில் தொங்கவிட்டாய்? உன் அலகின் நீளம் 8 சென்டிமீட்டர். பூட்டு வந்து முட்டும் இடம், அலகு சுழலும் நடு ஆணியிலிருந்து ஏறக்குறைய 6 மில்லிமீட்டர். நுனியில் 10 கிலோ அழுத்தினால் பூட்டின் மேல் 130 கிலோவுக்கு மேல் இறங்கும். ஆணிக்குப் பக்கத்தில் தொங்கவிட்டால் அதே 100 கிலோ, நுனியில் சில கிலோ வைப்பதற்குத்தான் சமம். இடத்தைச் சொல்லாமல் எடையை மட்டும் சொன்னால் அது வாங்குபவருக்குப் பயன்படாது.

இன்னொன்றையும் யோசி. வெட்டும்போது பூட்டுக்கு வேலையே இல்லை. அலகு திறக்கும் திசையில்தான் தள்ளப்படுகிறது. அதைத் தாங்குவது தடுப்பு ஆணி. நுனி சாக்கில் சிக்கி, பின்னால் இழுக்கும்போதுதான் பூட்டின் மேல் பாரம் ஏறுகிறது. முதுகு எதிலாவது இடித்தாலும், கட்டைக்குள் வைத்துத் திருகினாலும் அப்படித்தான். எதிர்பாராத அந்த நொடியில், தேய்ந்த பிறகும், தூசி ஏறிய பிறகும், அது பிடித்தாக வேண்டும். உலோகம் நசுங்கித் தோற்கும் பூட்டுகள் குறைவு. நசுங்குவதற்கு வெகு முன்பே நழுவிவிடுகிற பூட்டுகள்தான் விரலை வெட்டுகின்றன.

லைனர் பூட்டை இன்றைய வடிவுக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்கக் கைவினைஞர் மைக்கேல் வாக்கர், 1980-களில். மெல்லிய தகடு வில்லாக வளைந்து அலகின் அடிக்குப் பின்னால் போய் நிற்கிறது. அலகின் அடியில் அரம் போட்டு நீ இறக்கும் சரிவில்தான் எல்லாம் இருக்கிறது. 7, 8 பாகை என்பது வழக்கம். கூடினால் தகடு வழுக்கும். குறைந்தால் ஒட்டிக்கொண்டு விடுபட மறுக்கும். அந்தச் சரிவில் தகட்டை நிறுத்திவைப்பது உராய்வு. எண்ணெய் படிந்த எஃகில் உராய்வு எண் 0.1 அளவுக்கு இறங்கிவிடலாம். அப்போது தானாகப் பிடித்து நிற்கிற சரிவு 6 பாகைக்கு உள்ளேதான்.

உன் கத்தி எங்கே போகப் போகிறது? உன் தெருவை ஒட்டிய சாலைக் கம்போளத்துக்கு. வாழைக்குலைக் காம்பு அறுப்பவர், சாக்குக்கட்டு பிரிப்பவர், பூக்கடைக்காரர். அவர்கள் கையில் தேங்காயெண்ணெய் இருக்கும், வாழைப்பால் இருக்கும், மழை நாளில் சேறும் இருக்கும். உன் பட்டறையில் துடைத்துவைத்த கத்தி பிடித்தது என்பது அவர்களுக்குப் போதாது. எனவே நடு ஆணிக்கு எண்ணெய் விடு, பூட்டு முகத்துக்கு விடாதே. வாங்குபவரிடமும் அதைச் சொல்லிக் கொடு.

உன் கத்தியில் தகடு அடியின் ஓரத்தை மட்டும் தொடுகிறது. புதிதில் அடியின் அகலத்தில் கால் பங்காவது ஏறி நிற்க வேண்டும். தேயத் தேய உள்ளே நகர்வதற்கு மீதி இடம் வேண்டும். தகடு மென்மை, அடி கடினம் என்று இருப்பது சரிதான், ஆனால் முகம் முழுதும் படிய வேண்டும். மசி தடவித் திறந்து மூடிப் பார். ஒரு புள்ளியில் மட்டும் மசி அழிந்தால் அந்தப் புள்ளி முதல் மாதத்திலேயே நசுங்கி, அலகு ஆடத் தொடங்கும்.

சோதிக்கிறேன் என்று முதுகை மேசையில் ஓங்கி அடிக்காதே. அது நல்ல பூட்டையும் கெடுக்கும். மரக்கட்டையில் மெல்லத் தட்டு, அதற்கே நழுவினால் போதும், குறை தெரிந்துவிட்டது. பிறகு பிடியை முழு பலத்தோடு இறுக்கிக் கட்டைக்குள் திருகு. இறுக்கும் விரல் சதையே லைனரைத் தள்ளிவிடுவதுண்டு. பூட்டை விடுவிக்கப் பிடியில் வைத்த வெட்டு அதிகமாக இருந்தால் இது நிச்சயம். கடைசியாக மணலும் எண்ணெயும் தடவி இதையெல்லாம் மறுபடி செய்.

லைனரைத் தவிர வேறு பூட்டுகளும் உண்டு. பிடியின் முதுகில் கொக்கி வைத்த முதுகுப் பூட்டில் அந்தக் கொக்கியே பாரம் முழுவதையும் சுமக்கும். அமெரிக்கரான ஆண்ட்ரூ டெம்கோ அதற்குள் ஒரு தடுப்பு ஆணியைப் புகுத்தி, பாரத்தை அந்த ஆணியின் மேல் மாற்றினார். கொக்கிக்குப் பிடித்துவைக்கும் வேலை மட்டும் மிஞ்சியது. மடக்குக்கத்தி வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த யோசனை அதுதான். ஆனால் உன் சந்தைக்கு நான் சொல்வது அதைவிட எளியது. பிரான்ஸின் ஒப்பினெல் கத்தியில் 1955-இல் ஒரு வளையம் வந்தது; கழுத்தில் அதைத் திருப்பினால் அலகு மடங்காது. வில் இல்லை, சரிவுக் கணக்கு இல்லை, பூட்டியிருக்கிறதா என்பது கண்ணுக்கே தெரியும், சேறு ஏறினால் கழுவிவிடலாம். அரமும் துரப்பணமும் உள்ள எந்தப் பட்டறையிலும் முயன்று பார்க்கலாம்.

ராம்பூர்க் கத்தி போல நீளமாகச் செய்து தரச் சொல்லி யாராவது வருவார்கள். 1990-களில் உத்தரப்பிரதேச அரசு நாலரை அங்குலத்துக்கு மேல் அலகைத் தடுத்ததும் அந்த ஊர்த் தொழில் ஒடுங்கியது. அந்த ஆர்டரை எடுக்காதே. பயமுறுத்தும் பொருள் என்று பெயர் வாங்கிய கத்தியை மறுபடி வேலைக் கருவியாக்குவது மிகக் கடினம்.

உன் கத்தியை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். சரிவு எனக்கு 10 பாகைக்கு மேல் தெரிகிறது. அலகைப் புதிதாக அடிக்க வேண்டாம்; அடியை மட்டும் 7-க்கு இறக்கி, கொஞ்சம் தடித்த தகடு ஒன்றைப் போடு. மசி பார்த்த பிறகு சாலையில் ஒரு வாழைக்குலைக் கடையில் ஒரு மழைக்காலம் முழுதும் கொடுத்துவை. அது திரும்பி வந்ததும் துடைக்காமல் அப்படியே எனக்கு அனுப்பு.

அன்புடன்,
உன் அண்ணன்