கருடன் கூட்டை அறிவோம், காப்போம்



திருக்கழுக்குன்றம் நமக்குத் தூரமில்லை. அங்கே மலைமேல் உச்சிவேளையில் குருக்கள் வைக்கும் பொங்கலைச் சாப்பிட இரண்டு கழுகுகள் வரும். நம்மில் பெரியவங்க நேரில் பார்த்திருக்காங்க. அவை மஞ்சள்முகப் பாறுகள். 1990-களின் கடைசியில் அவை வருவது நின்றுபோனது. ஊருக்குப் பேர் மட்டும் மிச்சம்.

நம்ம ஏரியில் கருடன் இன்னும் வட்டமிடுது. ஆனால் கம்பெனியும் மனைப்பிரிவும் பெருகி, உயரமான மரங்கள் குறைந்துவருகின்றன. அதனால் இந்த மாதப் பாடம் இதுதான்.

அடையாளம் காண்பது எப்படி?

1. கருடனுக்குத் தலையும் மார்பும் வெள்ளை, உடம்பு செங்கல் நிறம், வால்நுனி வட்டம். கரும்பருந்து முழுக்கப் பழுப்பு, வால்நுனி பிளந்திருக்கும். இளங்கருடனும் பழுப்பாகத்தான் இருக்கும். ஆகவே வாலைப் பாருங்கள்.

2. தண்ணீருக்குப் பக்கத்தில் உயரமான மரத்தில் குச்சிகளால் கூடு கட்டும். காலம், மார்கழி முதல் சித்திரை வரை.

3. கூட்டில் பறவை இருக்கிறதா? ஜோடி குச்சி தூக்கி வரும். மரத்தடியில் வெள்ளை எச்சம், மீன்முள், நண்டு ஓடு கிடக்கும்.

4. அடைகாக்க ஏறக்குறைய 4 வாரம், குஞ்சு பறக்க மேலும் 7, 8 வாரம். மொத்தம் மூன்று மாதம் பொறுத்தால் போதும்.

நாம் செய்ய வேண்டியது

* கூடுள்ள மரத்தையும் ஒட்டிய மரங்களையும் அந்த மாதங்களில் வெட்டக்கூடாது, கிளை கழிக்கக்கூடாது. ஆடிக்குத் தள்ளி வையுங்கள்.
* மரத்தடியில் குப்பை எரிக்க வேண்டாம், பட்டாசு வேண்டாம்.
* கூட்டைக் கலைப்பதும் முட்டை எடுப்பதும் 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.
* குஞ்சு கீழே விழுந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். வீட்டில் வைத்து வளர்க்க வேண்டாம்.

நம் குழுவில் நடந்தது

ஒரு மாசி மாதம், உறுப்பினர் அக்கா ஒருவர் தன் கொல்லைப் புளியமரத்தை விற்க ஆள் பேசிவிட்டார். வீட்டுக்காரருக்கு வைத்தியச் செலவு. மரத்தில் இரண்டு குஞ்சு. “பறவையைப் பார்த்தா மனுஷனை யார் பார்ப்பாங்க?” என்று அவர் கேட்டபோது எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. பிறகு கூட்டம் போட்டுச் சேமிப்பிலிருந்து உள்கடன் கொடுத்தோம். தவணை மூன்று மாதம் கழித்து என்று தீர்மானம் எழுதினோம். ஒரு குஞ்சு தவறிப்போச்சு, ஒன்று பறந்தது. ஆடியில் பெரிய கிளைகளை மட்டும் விற்று அக்கா கடனை அடைத்தார். மரம் நிற்கிறது. கருடன் பழைய இடத்துக்கே திரும்பி வரும் பழக்கமுள்ளது.

மாடு வளர்ப்போர் கவனத்துக்கு

டைக்ளோஃபெனாக் வலிநிவாரணி போட்ட மாடு செத்து, அதைத் தின்ற பாறுகள் சிறுநீரகம் கெட்டு மடிந்தன. கால்நடைக்கு அது 2006-லும், கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் 2023-லும் தடை செய்யப்பட்டன. மெலாக்சிகாம் பாறுகளுக்குக் கேடில்லாதது. ஊசி போடும்போது டாக்டரிடம் மருந்தின் பேரைக் கேளுங்கள்.

கூட்டத்தில் பேச: உங்கள் தெருவில் கூடுள்ள மரம் எது? அது யாருடைய மரம்? அவருக்குப் பணமுடை வந்தால் குழு என்ன செய்யும்?