வீடுதான் முதல் பயிற்சி மையம்: வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தையின் பெற்றோருக்கு முழுமையான வழிகாட்டி

தெரபிஸ்டிடம் குழந்தை இருப்பது வாரத்தில் ஓரிரு மணி நேரம். மீதி நேரமெல்லாம் உங்களிடம்தான். குளிப்பாட்டும்போதும் சோறூட்டும்போதும் நீங்கள் செய்வதுதான் தெரபிஸ்ட் தரும் பயிற்சியைப் பலிக்க வைக்கும்.

1. தள்ளிப்போடாதீர்கள்

9 மாதத்தில் பிடிமானமின்றி உட்காரவில்லையா? 18 மாதத்தில் நடக்கவில்லையா? 2 வயதாகியும் "அம்மா வா" என்று இரு சொல் சேர்க்கவில்லையா? உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்" என்பார்கள். அதைக் கேட்டு மாதங்களைக் கடத்தாதீர்கள். பேச்சு தாமதமானால் காது கேட்கும் பரிசோதனையும் அவசியம்.

2. எங்கே போவது?

2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின்கீழ், மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் பரிசோதனையும் பயிற்சியும் இலவசம். முட்டுக்காட்டிலுள்ள நிப்மெட் தேசிய நிறுவனம், தென்காசி அருகே ஆய்க்குடி அமர் சேவா சங்கம் போன்ற இடங்களிலும் பரிசோதனையும் பயிற்சியும் உண்டு.

3. பயிற்சி அறைக்குள் உட்காருங்கள்

வெளியே பெஞ்சில் காத்திருக்க வேண்டாம். தெரபிஸ்ட் செய்வதைப் பார்த்து, அவர் எதிரிலேயே நீங்களும் செய்து காட்டுங்கள். "இதை வீட்டில் எந்த நேரத்தில் செய்யலாம்?" என்று கேளுங்கள்.

4. அன்றாட வேலையில் கலந்துவிடுங்கள்

தோசையைப் பிய்த்ததும் ஊட்டிவிடாதீர்கள். முகத்துக்கு நேரே பிடித்து, "தோசை வேணுமா?" என்று கேட்டு, மனத்துக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். ஒரு பார்வை, ஒரு சத்தம், கையை நீட்டுவது என எதுவானாலும் அதுவே பதில். உடனே ஊட்டுங்கள்.

சட்டை போடும்போது எல்லாவற்றையும் நீங்களே செய்து, கடைசியாக வயிற்றுக்குக் கீழே இழுத்துவிடுவதை மட்டும் குழந்தைக்கு விடுங்கள். அது பழகியதும் அதற்கு முந்தைய வேலையையும் விடுங்கள்.

5. வீடே ஒரே மாதிரி பேசட்டும்

அம்மா "தண்ணி" என்றால் பாட்டியும் "தண்ணி" என்றே சொல்லட்டும். பயிற்சியையும் பகிர்ந்துகொள்ளுங்கள். மாலைப் பயிற்சி அப்பா பொறுப்பு என்று வைத்தால் அம்மாவுக்கும் ஓய்வு கிடைக்கும்.

6. உரிமையைக் கேட்டு வாங்குங்கள்

மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளோருக்கு நிராமயா காப்பீட்டில் ரூ.1 லட்சம் வரை மருத்துவ உதவி உண்டு.

7. ஒரு நோட்டு போடுங்கள்

குழந்தை புதிதாகச் செய்வதை அதில் எழுதி வையுங்கள். பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிட வேண்டாம். போன மாதத்துப் பக்கத்தைப் புரட்டுங்கள். "இன்று சட்டையைத் தானே இழுத்துவிட்டான்" என்று ஒரு வரி இருந்தால், அதை அடுத்த முறை தெரபிஸ்டிடம் முதலில் காட்டுங்கள். அடுத்த பாடம் அங்கிருந்துதான் தொடங்கும்.