ஊசி விழுந்தால் எஞ்சினை நிறுத்து: ஒயில் கேஜ் குழாய் மாற்றும் பாடம்



நம்ம லயங்களிலிருந்து எத்தனையோ பிள்ளைகள் லொறிக் கிளீனராகவும் கராஜ் உதவியாளாகவும் வெளியூர் போயிருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்காகவும் அவர்களை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் வீட்டாருக்காகவும் இந்தப் பாடம்.

2016ஆம் ஆண்டு எங்கள் தோட்டத்துக் கடைக்கு அரிசி ஏற்ற, ஒரு பழைய பெட்போர்ட் லொறியில் மட்டக்களப்புப் பக்கம் போனேன். பதுளையிலிருந்து லுணுகலை, பிபிலை, மகாஓயா வழியாகச் செங்கலடிக்கு இறங்கும் ஏ5 வீதியில்தான் பயணம். மட்டக்களப்பு நகரம் கடந்து, வாவிக்கு மேலே போகும் கல்லடிப் பாலத்தை நெருங்கும்போது, ஒயில் கேஜ் ஊசி சட்டென்று பூச்சியத்துக்கு விழுந்தது. கிளீனர் தம்பியின் காலில் சூடான ஒயில் சொட்டியது. சாரதி அண்ணன் உடனே லொறியை ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்தினார்.

"அண்ணே, காத்தான்குடி கிட்டத்துலதானே, மெதுவாப் போயிருவோமே" என்றான் தம்பி.

"ஊசி விழுந்தா ஒரு அடியும் நகரக்கூடாதுடா. எஞ்சின் போச்சுன்னா உன் வீட்டுச் சோறும் போச்சு, என் வீட்டுச் சோறும் போச்சு" என்றார் அண்ணன்.

அவர் சொன்னது ஏன் சரி என்று பார்ப்போம்.

கேஜ் எப்படி வேலை செய்கிறது?

தோட்ட மருத்துவ நிலையத்தில் கையில் பட்டி கட்டி நம்ம இரத்த அழுத்தத்தைப் பார்க்கிறார்கள். எஞ்சினுக்கும் அப்படி ஓர் அழுத்தம் உண்டு. பம்ப் ஒயிலைத் தள்ளுவதால் கிராங்க் தண்டுக்கும் பெயரிங்குக்கும் நடுவில் மெல்லிய ஒயில் படலம் நிற்கிறது. அது இல்லாமல் போனால் இரும்போடு இரும்பு உரசி, சில நிமிடத்திலேயே எஞ்சின் பிடித்துவிடலாம்.

பழைய லொறிகள் பலவற்றில் எஞ்சினிலிருந்து ஒரு மெல்லிய குழாய் ஒயிலையே டாஷ்போர்டு வரை கொண்டுவரும். கேஜுக்குள்ளே வளைந்த சிறு குழல் ஒன்று இருக்கும். அழுத்தம் ஏறினால் அது நிமிரப் பார்க்கும், ஊசி நகரும். பிரான்ஸ் நாட்டு யூஜின் பூர்டோன் 1849இல் காப்புரிமை பெற்ற முறை இது.

ஆகவே, குழாய் உடைந்தால் கேஜ் மட்டும் பழுதாவதில்லை. எஞ்சின் ஒயிலே வெளியே கொட்டும். ஊசி விழுந்தது கேஜின் பிழையா, ஒயில் இல்லாததா என்று ஓடிக்கொண்டே கண்டுபிடிக்க முடியாது. நிறுத்தித்தான் பார்க்க வேண்டும்.

குழாய் ஏன் உடைந்தது?

பக்கத்துக் கராஜ் பாஸ் வந்து பார்த்தார். "இஞ்ச பாருங்க மனே, குழாயில பிழை இல்ல, பூட்டின ஆள்லதான் பிழை" என்றார். முன்பு மாற்றியவர் செப்புக் குழாயை விறைப்பாக, நேராகப் பூட்டியிருந்தார். எஞ்சின் ஆடும், கெபின் தகடு ஆடாது. நடுவில் நின்ற குழாய் ஆடி ஆடி இறுகி வெடித்துவிட்டது. தகட்டுத் துவாரத்தில் றப்பர் வளையமும் இல்லை.

மாற்றும் முறை

1. எஞ்சினை நிறுத்தி நன்றாக ஆறவிடுங்கள். கேஜின் பின்னால் பாருங்கள். வயர் வந்தால் அது மின்சாரக் கேஜ். குழாய் வந்தால்தான் இந்தப் பாடம்.

2. பழைய குழாயையும் நட்டையும் கடைக்குக் கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள். 1/8 அங்குல பிரிட்டிஷ் மரையில் அங்குலத்துக்கு 28 சுற்று, அமெரிக்க மரையில் 27. கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கும். மாற்றிப் பூட்டினால் மரை கெட்டு ஒழுகும்.

3. கழற்றும்போது இரண்டு ஸ்பனர் வேண்டும். ஒன்றால் எஞ்சின் பக்கத்துப் பித்தளை இணைப்பைப் பிடித்து, மற்றதால் நட்டைத் திருப்புங்கள். இல்லாவிட்டால் பித்தளை முறியும்.

4. புதுக்குழாயை நேராக வெட்டி, பிசிறு நீக்கி, உள்ளே ஊதித் துடையுங்கள்.

5. எஞ்சின் பக்கத்தில் குழாயை இரண்டு மூன்று சுற்றுச் சுருளாக விடுங்கள். ஆட்டத்தைச் சுருள் வாங்கிக்கொள்ளும். சைலன்சர் பக்கம் போகவே கூடாது. தகட்டுத் துவாரத்தில் றப்பர் வளையம் போடுங்கள்.

6. முதலில் நட்டு, பிறகு பித்தளை வளையம், இந்த ஒழுங்கில் குழாயில் கோர்த்துக் கையால் முறுக்குங்கள். பிறகு ஸ்பனரால் அளவாக இறுக்குங்கள். பலமெல்லாம் காட்ட வேண்டாம்.

7. டிப்ஸ்டிக் பார்த்து, கொட்டிய ஒயிலை நிரப்பிய பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள். சில விநாடியில் ஊசி ஏற வேண்டும். ஏறாவிட்டால் உடனே நிறுத்துங்கள். சூடான எஞ்சினில் 1000 சுற்றுக்குச் சதுர அங்குலத்துக்கு 10 இறாத்தல் என்பது பழைய ஆட்களின் பொதுக் கணக்கு. லொறியின் கைநூல் சொல்வதே முடிவு.

8. இரண்டு முனையையும் வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். கொஞ்ச தூரம் ஓடியபின் மறுபடியும் பாருங்கள்.

நடுவழியில் உடைந்தால்

ஒயில் குழாயிலிருந்துதான் கொட்டுகிறது என்று கண்ணால் கண்டால், எஞ்சின் பக்கத்துத் துவாரத்தைச் சரியான மரையுள்ள அடைப்பால் மூடி, ஒயில் நிரப்பி, கிட்டவுள்ள கராஜ் வரை மட்டும் போகலாம். ஒழுக்கே தெரியாமல் ஊசி விழுந்திருந்தால் ஸ்டார்ட் செய்யாதீர்கள். கட்டி இழுத்துத்தான் போக வேண்டும்.

சூடான ஒயில் பட்ட இடத்தில் 20 நிமிடம் குளிர்ந்த ஓடும் நீர் விடுங்கள். பற்பசை, எண்ணெய் எதுவும் பூச வேண்டாம். தம்பியின் காலை அப்படித்தான் கழுவினோம். கொப்பளம்கூட வரவில்லை. வீதியில் சிந்திய ஒயிலை மண் போட்டு அள்ளச் சொன்னார் பாஸ். மழை வந்தால் அது வாவிக்குத்தான் போகும், அதில் மீன்பிடித்துப் பிழைப்பவர்களும் நம்மைப் போல உழைப்பாளிகளே.

பாஸ் குழாயைப் பூட்டி முடிக்க இருட்டிவிட்டது. ஆனால் அடுத்த நாள் அரிசியோடு தோட்டத்துக்கு ஏறி வந்தோம். தம்பி வழியெல்லாம் ஊசியைப் பார்த்துக்கொண்டே வந்தான்.

வீட்டில் கேட்டுப் பாருங்கள்

- குழாயை ஏன் சுருளாக விட வேண்டும்?
- இரண்டு ஸ்பனர் எதற்கு?
- ஊசி விழுந்ததும் முதல் வேலை என்ன?

மூன்றாவது கேள்விக்குப் பதில் தெரிந்த பிள்ளையை நம்பி லொறியில் ஏற்றிவிடலாம்.