புதிய கிராஃபிக்ஸ் கார்டு போட்டும் கேம் திணறுகிறதா?

பெற்றோரே! பிள்ளை கேட்டான் என்று ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய கார்டு வேகம் தரவில்லையா? மீண்டும் பணம் போடும் முன் இவற்றைப் பாருங்கள்.

1. மானிட்டர் வயர் மதர்போர்டில் இருந்தால் கழற்றி, புதிய கார்டில் செருகுங்கள். பலர் தவறுவது இங்கேதான்.

2. பழைய டிரைவரை நீக்கிவிட்டு, புதிய கார்டுக்குரியதை ஏற்றுங்கள்.

3. பவர் சப்ளை போதுமா? ஆர்டிஎக்ஸ் 3060 கார்டுக்கு என்விடியா சொல்வது 550 வாட்.

4. மதுரை வெயிலில் தூசி அடைந்தால் கார்டு சூடேறித் தானே வேகத்தைக் குறைக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தூசியை அகற்றுங்கள்.

5. விளையாடும்போது டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். பிராசஸர் 100 சதவீதத்தில் திணற, கார்டு பாதி வேலையே செய்தால், குறை பிராசஸரில். இன்னொரு கார்டு வாங்குவது வீண் விரயமே.